கணைய அழற்சியும் குருதிக் குறிகாட்டிகளும்: நொதியிலிருந்து அழற்சிக்கு

திடீர்க் கணைய அழற்சியை ஒரு தனி நோயாக வரையறுத்துக் காட்டியவர் பாஸ்டன் நகர நோயியலாளர் ரெஜினால்டு ஃபிட்ஸ். ஆண்டு 1889. குடல்வால் அழற்சிக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை மூன்று ஆண்டுகளுக்கு முன் தந்தவரும் அவரே. அந்நாளில் நோயை உறுதி செய்யும் இடம் பெரும்பாலும் அறுவை மேசை அல்லது பிணவறைதான். 1896இல் பிராகில் ஹான்ஸ் கியாரி, கணையம் தன் நொதிகளாலேயே தன்னைச் செரித்துக்கொள்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். குற்றவாளி நொதிதான் என்று முடிவானபின் அதைக் குருதியில் தேடுவது இயல்பான அடுத்த படி. 1929இல் செயின்ட் லூயிஸில் எல்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் குருதி அமைலேஸ் அளவை நோயறியும் சோதனையாக நிலைநாட்டினர்.

அமைலேஸ் நோய் இருப்பதைச் சொன்னது. நோயாளி பிழைப்பாரா என்பதைச் சொல்லவில்லை. பன்மடங்கு உயர்ந்த அமைலேஸோடு வந்தவர் சில நாளில் வீடு திரும்புவார். சற்றே உயர்ந்த அளவோடு வந்தவர் உறுப்புகள் செயலிழந்து இறப்பார். 1974இல் நியூயார்க்கில் ஜான் ரான்சன் 11 அளவீடுகளைக் கொண்ட முன்கணிப்பு முறையை வெளியிட்டபோது அமைலேஸ் அதில் இடம்பெறவே இல்லை. ஐந்து அளவீடுகள் சேர்க்கையின்போதும் ஆறு அடுத்த 48 மணி நேரத்திலும் எடுக்கப்பட்டன. நேரடியான அழற்சிக் குறி என்று அவற்றுள் சொல்லத்தக்கது வெள்ளணு எண்ணிக்கை ஒன்றே (16,000க்கு மேல்). மற்றவை வயது, சர்க்கரை, கால்சியம், யூரியா, ஆக்சிஜன் முதலியன. நொதிக் கோட்பாட்டின் பிடி இங்கேயே தளர்ந்துவிட்டது என்பது என் கணிப்பு. ஆனால் அதை யாரும் அப்போது உரக்கச் சொல்லவில்லை.

பின்னர் அதைச் சொன்னவர் ரிண்டர்க்நெக்ட் என்ற ஆய்வாளர். உயிரைப் பறிக்கும் கணைய அழற்சி, வெள்ளணுக்கள் அளவுமீறித் தூண்டப்படுவதன் விளைவாக இருக்கலாம் என்று 1988இல் அவர் எழுதினார். கணையத்தில் தொடங்கும் சேதம் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் வீழ்த்துவதற்குக் காரணம், கசிந்த நொதியைவிட உடலின் சொந்த எதிர்வினையே என்பது அதன் சாரம்.

அந்த எதிர்வினையை அளக்கும் கருவி மருத்துவமனைகளில் முன்பே இருந்தது. சி-ரியாக்டிவ் புரதம் (சி.ஆர்.பி.) 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் குருதியில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரால் கண்டறியப்பட்டது. 1980களில் அது கணைய அழற்சிக்குக் கொண்டுவரப்பட்டது. 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் கடுமையான நோய் என எச்சரிக்கை கொள்ளும் வழக்கம் பின்னர் பரவலாயிற்று.

ஏன் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும்? காயமுற்ற திசுவைச் சூழும் அழற்சி அணுக்கள் இன்டர்லூக்கின்-6ஐ வெளியிடுகின்றன. அந்தச் செய்தி கல்லீரலை எட்டியபின்தான் சி.ஆர்.பி. உற்பத்தி பெருகுகிறது. உச்சத்தைத் தொட இரண்டு மூன்று நாள் ஆகும். எனவே சி.ஆர்.பி. பார்ப்பவர், ஊரில் நடந்த கலவரத்தை மறுநாள் நாளிதழில் படிப்பவரைப் போன்றவர். இன்டர்லூக்கின்-6ஐயே அளந்தால் ஒரு நாள் முந்தலாம் என்பதை 1990களின் ஆய்வுகள் காட்டின. ஆயினும் செலவும் ஆய்வக வசதியும் குறுக்கே நின்றன. மலிவும் எளிமையும்தான் சி.ஆர்.பி.யை நிலைக்கச் செய்தன. அதைவிடக் கூர்மையான குறிகள் ஆய்விதழ்களிலேயே தங்கிவிட்டன.

காலத்தாழ்வின் விலையை லெக்ஸிபஃபாண்ட் என்ற மருந்தின் கதை காட்டும். அழற்சியைத் தூண்டும் ஒரு சேர்மத்தைத் தடுப்பது அதன் வேலை. பிரிட்டனில் 290 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2001இல் வெளியானபோது உறுப்புச் செயலிழப்பில் பயன் தெரியவில்லை. சோதனையில் சேரும்போதே 44 விழுக்காட்டினருக்கு உறுப்புச் செயலிழப்பு தொடங்கிவிட்டிருந்தது! தடுக்க வேண்டியது ஏற்கெனவே நடந்துவிட்டபின் மருந்தை மட்டும் குறை சொல்வது முழு நியாயமாகாது.

இன்னொரு சிக்கல் வரையறையில் இருந்தது. 1992 அட்லாண்டா வகைப்பாடு திசு இறப்பு போன்ற உள்ளிடச் சிக்கல்களையும் ‘கடுமை’யில் சேர்த்தது, 2012 திருத்தமோ 48 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் உறுப்புச் செயலிழப்பையே அதற்கு அளவுகோலாக்கியது. சி.ஆர்.பி. திசு இறப்போடு நன்கு ஒத்துப்போகும் குறி. ஆகவே பழைய ஆய்வுகளில் அது பெற்ற மதிப்பெண்ணைப் புதிய வரையறைக்கு அப்படியே மாற்றிக்கொள்வது பிழை. தொகுப்பாய்வு எழுதுவோர் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அண்மைக்காலமாகப் பெருகிவரும் நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகித ஆய்வுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாதாரணக் குருதி எண்ணிக்கையிலிருந்தே கணக்கிடலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆளுக்கொரு வெட்டுப்புள்ளி வைப்பது அதன் பலவீனம்.

புரோகால்சிடோனின் வேறு வழியில் பயணித்தது. நோய்த்தொற்றுக் குறியாக 1993இல் அறிமுகமான அதை, 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், இறந்த கணையத் திசுவில் கிருமி புகுந்துவிட்டதா என்று அறியப் பயன்படுத்தினர். கேள்வி இங்கே மாறிவிட்டது: ‘எவ்வளவு கடுமை?’ என்பதற்குப் பதில் ‘ஆன்டிபயாட்டிக் தேவையா?’ வெறும் அழற்சியாலும் காய்ச்சல், வெள்ளணு உயர்வு, சி.ஆர்.பி. உயர்வு எல்லாம் வருவதால், தொற்று இல்லாதவர்களுக்கும் ஆன்டிபயாட்டிக் தரப்படுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மான்செஸ்டரில் 260 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில், புரோகால்சிடோனின் அளவைப் பார்த்து முடிவெடுத்த குழுவில் 45 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 63 விழுக்காட்டினரும் ஆன்டிபயாட்டிக் பெற்றனர். தொற்றிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.