ஜார்ஜ் பெர்க்கின்ஸ் மார்ஷ்: வழக்கறிஞர், அரசியலாளர், மொழியறிஞர்

அமெரிக்க அரசியல் வரலாற்றில் ஜார்ஜ் பெர்க்கின்ஸ் மார்ஷுக்கு (1801–1882) உரிய இடம் சிறியதே. மொழி பயில்வோர்க்கு அவர் முக்கியமானவர்.

வெர்மாண்ட் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் பிறந்த மார்ஷ், சிறுவயதில் கண் நோயால் சில ஆண்டுகள் நூலைத் தொட இயலாமல், பிறர் படிக்கக் கேட்டே கற்றார். 1820இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பின்னர் பர்லிங்டன் நகரில் வழக்கறிஞரானார். அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. ஸ்காண்டிநேவிய மொழிகளில்தான் ஒன்றியது. டேனிய மொழியறிஞர் ராஸ்க்கின் இலக்கண நூல்களைத் தழுவி, 1838இல் ஐஸ்லாந்து மொழி இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

1843இல் விக் கட்சியின் சார்பில் காங்கிரசின் கீழவை உறுப்பினரானார். அதே ஆண்டில் மிடில்பரி கல்லூரியில், நியூ இங்கிலாந்தில் கோத்தியர் என்னும் பொருள்பற்றி உரையாற்றினார். குடியேறிய பியூரிட்டன்களின் விடுதலை வேட்கை வடபுலக் கோத்தியரிடமிருந்து வந்தது, ரோமானிய மரபோ அடக்குமுறை சார்ந்தது என்பது அதன் சாரம். மொழியுறவு ஒலிகளிலும் விகுதிகளிலும் காணத்தக்கது. அதைக்கொண்டு ஓர் இனத்தின் குணத்தை வருவிக்க இலக்கணத்தில் இடமில்லை. ராஸ்க்கைக் கற்றவரே இவ்வாறு பேசியது வருந்தத்தக்கது. தாய்மொழிப் பற்று மிக்க எவருக்கும் இச்சறுக்கல் அயலானதன்று.

காங்கிரசில் அவர் மெக்சிகோப் போரை எதிர்த்தார். ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவாகத் துணைநின்றார். 1849இல் ஓட்டோமான் பேரரசுக்குத் தூதராக நியமிக்கப்பட்டார். திரும்பியபோது, கம்பளி ஆலையிலும் இரயில் பாதையிலும் இட்ட முதல் அவரைக் கடனாளியாக்கியிருந்தது. கொலம்பியா கல்லூரியில் ஆங்கில மொழிபற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1860இல் நூலாயின. மறு ஆண்டு லிங்கன் அவரை இத்தாலிக்குத் தூதராக அனுப்பினார். இறக்கும்வரை, 21 ஆண்டுகள், அப்பதவியிலேயே இருந்தார்.

1864இல் வெளிவந்த ‘மனிதனும் இயற்கையும்’ என்ற நூலே அவர் பெயரை நிலைநிறுத்தியது. மத்தியதரைக்கடல் நாடுகளின் வளம் குன்றியது ஏன் என்று ஆராயும் அந்நூலும் ரோமின் கொடுங்கோன்மையையே முதற்காரணமாகச் சொல்கிறது! 1843ஆம் ஆண்டு உரையின் குரல் அங்கே இன்னும் ஒலிக்கிறது. ஆனால், அவர் திரட்டிய சான்றுகள் அக்குரலுக்கு அடங்கவில்லை. வெர்மாண்டின் மலைகளில் காடு அழிந்ததையும், மண் அரித்து ஓடியதையும், ஓடைகளின் போக்கு மாறியதையும் இளமையிலிருந்தே கண்டவர் அவர். அங்கே கோடரி பிடித்தவர்கள் ரோமானியர் அல்லர். அவர் போற்றிய கோத்தியரின் வழித்தோன்றல்களே. நூலின் மிகப் பெரிய பகுதியான காடுகள் பற்றிய இயலில் இனப்பெருமைக்கு வேலையில்லை. வேரும் நீரும் மண்ணுமே பேசுகின்றன.

1882 ஜூலையில், இத்தாலியின் வனவியல் பள்ளி அமைந்திருந்த வல்லொம்பிரோசாவில் மார்ஷ் காலமானார். அவர் உடல் ரோம் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.