கைநாட்டிலிருந்து கைபேசி வரை

வயசானவங்களுக்குப் புதுசு எதுவும் ஏறாது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நம்ம குழுக்கள் வந்த வழியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. அன்று சேர்ந்தவர்களில் பலர் கைநாட்டு. பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூட இன்னொருத்தரைக் கேட்கணும். கையெழுத்தும் கணக்கும் கற்க வைத்தது அந்தச் சங்கடம்தான்.

அடுத்து புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். வயல் வேலை, குவாரி வேலை செய்த பெண்களெல்லாம் ஓட்டினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள், இல்லாமல் இருப்பார்களா? லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது. முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், கூட்டிப்போக வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டாம். பெடலை மிதிக்க வைத்தது அதுதான்.

இப்போது நம்ம சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வருவோம். 2016-ல் யுபிஐ வந்தது. மகேந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் கையில் சில்லறை வைத்திருப்பதில்லை. பூ விற்கிற அக்காவும் காய் விற்கிற ஆயாவும் ஸ்கேன் அட்டை வைக்காவிட்டால் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும். ஆனால் பணம் வந்ததா இல்லையா என்று எப்படி நம்புவது? அந்தப் பயத்தைப் போக்கியது தொகையைத் தமிழில் சொல்லும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. படிக்கத் தெரியாவிட்டாலும் காது கேட்டால் போதும்.

15.9.2023 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் ரூ.1,000, பெண்ணின் சொந்தக் கணக்கில். ஏடிஎம் பக்கமே போகாத பாட்டிகளும் வரிசையில் நின்றார்கள். சிலர் கார்டையும் ரகசிய எண்ணையும் பேரனிடம் கொடுத்தார்கள். எடுத்தது ஆயிரமா, கைக்கு வந்தது எண்ணூறா என்று கேட்க வாய் வராது. சொந்தப் பேரனைச் சந்தேகப்படுவதா? அப்படி இரண்டு மாதம் மனசுக்குள் புழுங்கியவர், மூன்றாம் மாதம் தானே கற்றுக்கொள்கிறார்.

நம்ம கூட்டமைப்புப் பயிற்சிகளில் செயலிகளின் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பெரியவங்க கொட்டாவி விடுகிறார்கள். முதல் நாளே அவரவர் போனில் வங்கிக் குறுஞ்செய்தியைத் திறந்து, எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தது, மிச்சம் எவ்வளவு என்று பார்க்கக் காட்டுங்கள். ரகசிய எண்ணைக் கையால் மறைத்து அழுத்தப் பழக்குங்கள். மற்றதெல்லாம் அவர்களே கேட்பார்கள்.