மின்கலத் தொடுமுனைக் கோளாறு

மின்கலத்தில் மின்சாரம் இருந்தும் அது கருவிக்குப் போய்ச் சேராமல் இடையிலுள்ள உலோகத் தொடுமுனைகளில் தடைபடும் பழுதே மின்கலத் தொடுமுனைக் கோளாறு. பேச்சு வழக்கில் இதை 'லூஸ் காண்டாக்ட்' என்பார்கள். டார்ச் லைட், ரேடியோ, சுவர்க் கடிகாரம், ரிமோட், மின் சிகரெட், பேட்டரி ரிக்ஷா என மின்கலத்தால் இயங்கும் எதற்கும் இது வரும். பழுது தொடுமுனையில் இருக்க, பழி பேட்டரியின் மேல் விழுகிறது. இன்னும் பல மணி நேரம் எரியக்கூடிய பேட்டரிக் கட்டைகள் குப்பைக்குப் போவது இதனால்தான்.

கொல்கத்தாவும் மின்கலமும்

இந்தியாவின் மின்கல வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. எவரெடி கம்பெனி (இந்தியா) என்ற நிறுவனம் 1934இல் அந்நகரில் பதிவாகி, பின்னர் யூனியன் கார்பைடு இந்தியா ஆனது. 1994இல் யூனியன் கார்பைடின் பங்குகளைக் கொல்கத்தாவின் மெக்லியாட் ரஸ்ஸல் நிறுவனம் வாங்கியது. அதன்பின் நிறுவனம் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் இந்தியா என்று பெயர் மாறியது. சென்னை திருவொற்றியூரிலும் அதற்கு ஆலை இருந்தது. ஈயஅமில மின்கலம் செய்யும் எக்சைடு நிறுவனத்தின் தலைமையகமும் கொல்கத்தாவில்தான் உள்ளது. அது 1947இல் வேறு பெயரில் தொடங்கியது.

1970களிலும் 80களிலும் மின்வெட்டு அந்நகரின் அன்றாடமாக இருந்தது. கைக்கெட்டும் இடத்தில் டார்ச் இல்லாத வீடு அரிது. கங்கைக் கழிமுகத்தின் ஈரக்காற்றும் மழைக்காலப் புழுக்கமும் உலோகத்தை விரைவில் கறுக்க வைப்பவை. தொடுமுனைக் கோளாறு தலைகாட்ட இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை.

மின்சாரம் நடக்கும் வழி

பிரான்சின் ஜார்ஜ் லெக்லாஞ்சே 1866இல் செய்த ஈரக் கலத்தை, ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் 1886இல் உலர்கலமாக மாற்றினார். அதன் வெளிக்கூடு துத்தநாகம், அதுவே எதிர்முனை. நடுவில் நிற்கும் கரிக்கோல் நேர்முனை. அதைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடு கலவை. இரண்டுக்கும் இடையில் நவச்சாரம் அல்லது துத்தநாகக் குளோரைடு கலந்த பசை. புதிய கலத்தின் அழுத்தம் சுமார் 1.5 வோல்ட்.

இரண்டு கட்டை டார்ச் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் வழி முழுவதும் கண்ணில் படும். மேல்கட்டையின் குமிழ் பல்பின் அடியைத் தொடுகிறது. அதன் அடி, கீழ்க்கட்டையின் குமிழில் உட்காருகிறது. கீழ்க்கட்டையின் அடி, பின்மூடியின் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ஸ்பிரிங்கிலிருந்து மூடிக்கும், மூடியின் மரையிலிருந்து தகரக் குழாய்க்கும், குழாயிலிருந்து சுவிட்ச் பட்டைக்கும், பட்டையிலிருந்து பல்பின் பக்கவாட்டுக்கும் மின்சாரம் கைமாறுகிறது. இத்தனை சிறு கருவியில் ஏழு இடங்கள்! ஏழில் ஒன்று கெட்டாலும் விளக்கு மங்கும்.

காரணங்கள்

கலம் ஒழுகுவதே முதற்காரணம். மின்சாரம் தரத்தரத் துத்தநாகக் கூடு கரைந்து மெலிந்து, ஒருநாள் பொத்துக்கொள்கிறது. 'பேட்டரி தண்ணி விட்டுடுச்சு' என்பது இதைத்தான். ஆல்கலைன் கலத்தில் ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து வெண்பொடியாகப் பூக்கிறது.

அடுத்தவை துருவும் களிம்பும். இரும்பு ஸ்பிரிங்கின் நிக்கல் பூச்சு தேய்ந்த இடத்தில் துரு ஏறும். பித்தளைப் பட்டையில் பச்சைக் களிம்பு படியும். ஆண்டுக்கணக்கில் அழுந்திய ஸ்பிரிங் விறைப்பு இழப்பது மூன்றாவது. அதனால்தான் டார்ச்சை உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினால் எரிகிறது.

கணக்கு எளியது. தொடுமுனைகளில் 1 ஓம் தடை சேர்ந்து, 0.5 ஆம்பியர் ஓடினால் 0.5 வோல்ட் அங்கேயே தொலைகிறது. 3 வோல்ட்டுக்குப் பதில் 2.5 வோல்ட் கிடைக்கும் இழைப் பல்பின் ஒளி ஏறக்குறைய பாதியாகிவிடும். அழுத்தத்தில் ஆறிலொரு பங்கு குறைவதற்கே இந்த விளைவு.

கண்டறிதல்

கருவியைத் தட்டும்போதோ மூடியை இறுக்கும்போதோ ஒளி மாறினால் கோளாறு தொடுமுனையில். எதைச் செய்தாலும் ஒரே மங்கலாக எரிந்தால் கலத்தைச் சந்தேகிக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் ஐயமே வேண்டாம். கருவியை இயக்கியபடி கலத்தின் இரு முனைகளில் அழுத்தத்தை அளந்து, பிறகு பல்பின் இரு முனைகளில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வழியில் தொலைந்தது. கலத்தை வெளியே எடுத்து அளப்பது ஏமாற்றும்; சோர்ந்த கலமும் சுமை இல்லாதபோது நல்ல அளவைக் காட்டும்.

சீர்செய்தல்

முதலில் கலங்களை எடுத்துவிட வேண்டும். ஆல்கலைன் கலத்தின் வெண்பூ காரத்தன்மை உள்ளது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சு அதைக் கரைக்கும். சாதாரணக் கட்டையின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்கு ஆப்பச் சோடா கரைத்த நீர் ஏற்றது. இரண்டிலும் கடைசியில் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். கசிவை வெறுங்கையால் தொடக்கூடாது.

கறுத்த முனைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரே போதும். உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு உரிந்து, அடுத்த மழைக்காலத்தில் துரு இரட்டிப்பாகும். தளர்ந்த ஸ்பிரிங்கை மெல்ல இழுத்து நீட்டலாம். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துத் திணிப்பது பரவலான கைவைத்தியம்; தாள் நகர்ந்து இரு முனைகளையும் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். கட்டைகளை வெயிலில் காயவைப்பதும் அப்படியே. சூட்டில் வேதிவினை சற்று வேகமெடுப்பதால் சிறிது நேரம் எரியும். ஆனால் ஒழுகலும் விரைவில் வரும். நெடுநாள் பயன்படுத்தாத கருவியில் கலத்தை விட்டுவைக்காததே எல்லாவற்றிலும் சிறந்த மருத்துவம்.

டோட்டோ ரிக்ஷா

கொல்கத்தாவின் புறநகர்களில் ஓடும் பேட்டரி ரிக்ஷாவை அங்கு 'டோட்டோ' என்கிறார்கள். பெரும்பாலானவற்றில் நான்கு 12 வோல்ட் ஈயஅமில மின்கலங்கள் தொடராக இணைந்து 48 வோல்ட் தருகின்றன. 30 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 9 வாட் வெப்பம் அந்த ஒரே திருகில் பிறக்கிறது. பிடி சூடாகி, காப்பு உருகி, தீப்பொறியும் பறக்கலாம். முனையில் பூக்கும் வெள்ளை, நீலப் படிவைச் சோடா நீரால் கழுவி, காய்ந்தபின் இறுக்கி, மேலே வாசலின் தடவினால் ஈரக்காற்று நெருங்காது.

மின் சிகரெட்

சீன மருந்தாளர் ஹான் லிக் 2003இல் வடிவமைத்த மின் சிகரெட்டிலும் இதே கோளாறு உண்டு. பல வகைகளில் மின்கலப் பகுதியும் ஆவியாக்கியும் 7 மில்லிமீட்டர் மரையில் சேர்கின்றன. நடுவில் நேர்முனைக் குமிழ். அளவுக்கு மீறி முறுக்கினால் குமிழ் உள்ளே அமுங்கித் தொடர்பு அறும். ஆவியாக்கியிலிருந்து வடியும் பிசுபிசுப்பான திரவம் குமிழில் படிந்தாலும் அதே நிலை. விளக்குச் சிமிட்டும், ஆவி வராது. உள்ளே இருப்பது லித்தியம் அயனி மின்கலம் என்பதால், குமிழைக் கம்பியால் நெம்பினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம். மேலுறை கிழிந்த கலத்தின் கூடு முழுவதும் எதிர்முனை. அதைப் பயன்படுத்தவே கூடாது.

இந்தியாவில் 2019 செப்டம்பர் 18 அன்று வந்த அவசரச் சட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமும் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு அனைத்தையும் தடைசெய்துள்ளன. விற்பனை போன்ற குற்றங்களுக்கு முதல்முறை ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆகவே கள்ளச் சந்தையில் வாங்கியது பழுதானால் உத்தரவாதம் கேட்க வழியில்லை. அதைத் திருத்த முயலாமல் கைவிடுவதே பாதுகாப்பு.

கழிவு

2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை மின்கலங்களையும் உள்ளடக்கி, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. ஆனால் அந்தப் பொறுப்பு தொடங்குவது கலம் கருவியை விட்டு வெளியேறிய பிறகு. அதற்கு முந்தையது வீட்டாரின் கையில்: கட்டையை எறியும் முன் ஸ்பிரிங்கையும் குமிழையும் ஒருமுறை துடைத்துப் பார்ப்பது.