செங்கற்சூளையும் தீக்கதவும்

கோலாலம்பூரில் தமிழர் பெருகி வாழும் பகுதிகளுள் பிரிக்பீல்ட்ஸ் ஒன்று. அப்பெயரைத் தமிழாக்கினால் செங்கற்சூளை வெளி என்றே சொல்ல வேண்டும். புகைவண்டி வேலைக்காக நம்மவர் அங்குக் குடியேறிப் பெருகுவதற்கு முன்னரே அவ்விடத்தில் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. அப்பெயருக்குள் ஒரு பெருந்தீயின் வரலாறு அடங்கியிருக்கிறது என்பதை, அவ்வீதிகளில் நாள்தோறும் நடப்போரிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தீயைத் தடுக்க மனிதன் எவ்வாறு கற்றான், கற்றதை எவ்வாறு கைவிடுகிறான் என்னும் இரண்டையும் அவ்வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சிலாங்கூரின் தலைநகர் 1880 இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அன்றைய கோலாலம்பூர் ஈயச் சுரங்கத்தால் விரைந்து பெருத்த ஊர். சுவரெல்லாம் மரம், கூரையெல்லாம் அத்தாப்பு ஓலை, வீடுகளோ ஒன்றையொன்று ஒட்டி நின்றன. 1881 ஜனவரியில் மூண்ட தீ ஊரைச் சாம்பலாக்கிற்று. அதே ஆண்டில் வந்த வெள்ளம் எஞ்சியதையும் சிதைத்தது.

அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884 இல் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டுமென ஆணையிட்டார். சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் சூளை அமைத்தார். 1886 இல் கிள்ளான் திசைக்குப் புகைவண்டி ஓடிற்று. 1897 இல் முடிவுற்ற சுல்தான் அப்துல் சமாட் மாளிகைக்கு மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் செங்கற்கள் செலவாயின என்பர். தீக்கு இரையான ஊர் பதினாறே ஆண்டுகளில் செந்நிற நகராயிற்று. இதைச் செய்தது செங்கல் மட்டுமன்று. ஆணையும் செய்தது என்பதை நாம் மறத்தலாகாது. செங்கல்லை அறியாத ஊரன்று அது; அறிந்தும் ஓலையிலேயே காலங்கழித்த ஊர்.

செங்கல் தீயிற் பிறந்தது. ஆதலின் தீயை அஞ்சாது. கடைவீடுகளின் நடுவே எழுந்த செங்கற்சுவர், ஒரு வீட்டுத் தீ மறு வீட்டுக்குப் பாயாமல் தடுத்தது. ஆயினும் சுவர் மட்டும் வீடாகுமோ? வாயில் வேண்டுமன்றோ? மரக்கதவு எரிகிறது. இரும்புக் கதவோ எரியாவிடினும் வெப்பத்தை மறுபுறம் கடத்துகிறது. காய்ந்து வளைந்து இடைவெளி காட்டுகிறது. எரியாததும், வெப்பம் கடத்தாததும், கையால் தள்ளக்கூடிய எடையுள்ளதுமான பொருள் ஒன்று வேண்டியதாயிற்று.

அதற்கான வழியை நம் பாட்டனார் அறிந்திருந்தனர். மண்ணைத் தனியே பூசினால் காய்ந்து வெடிக்கும். வைக்கோலைச் சேர்த்து மிதித்துக் குழைத்தால் நார் மண்ணைப் பிடித்து நிற்கும். இன்று இழைவலுவூட்டிய கூட்டுப்பொருள் எனப் பெரும்பெயரிட்டு அழைக்கப்படுவதன் தத்துவம் இவ்வளவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் ஹாட்ஷெக் என்னும் ஆஸ்திரியர், வைக்கோலுக்குப் பதிலாகக் கல்நாரையும் மண்ணுக்குப் பதிலாகச் சிமெண்டையும் நீரிற் கலந்து, காகிதம் செய்வதுபோல் மெல்லிய தகடுகளாக்கினார். எரியாத, மலிவான அத்தகடு உலகெங்கும் பரவிற்று. மலாயாவிலும் தமிழ்நாட்டிலும் ஏழைகளின் ஓலைக்கூரை கல்நார்க் கூரையாயிற்று.

ஆனால் தீயினின்று காத்த கல்நார் மூச்சிற் புகுந்து கொன்றது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாகிறது. கல்நாரைத் தோண்டியவரும், அறுத்தவரும், கூரையேற்றியவரும் எவர்? தொழிலாளரே. வீட்டைக் காக்கும் பொருள் அதைச் செய்தவனைக் கொல்லுமாயின், அதனைப் பாதுகாப்பு என்று எவ்வாறு கூறுவது?

கல்நாரின் இடத்தில் இன்று கண்ணாடியிழை, மரக்கூழ் இழை, பாறையை உருக்கி நூற்ற கம்பளி ஆகியவை வந்துள்ளன. தீக்கதவின் நடுவே இத்தகைய இழை கலந்த கனிமப் பலகை இருக்கும். பலகையிற் பிணைந்துள்ள நீர், சூடேறும்போது ஆவியாகி வெப்பத்தை உண்ணும். விளிம்பில் பதித்த பட்டை பொங்கி இடுக்கை அடைக்கும். கதவு தானே மூடிக்கொள்ளும் கருவியும் வேண்டுமென்று மலேசியாவின் 1984 ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் கூறுகின்றன.

எனினும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. கண்ணாடியிழை எரியாது; அதைப் பிணைக்கும் பிசின் எரியும். 2017 ஜூன் 14 இல் லண்டனின் கிரென்பெல் மாடிவீட்டுத் தீயில் 72 பேர் மாண்டனர். அங்கிருந்த வீட்டு வாயிற்கதவு ஒன்றைப் பின்னர்ச் சோதித்தபோது, 30 நிமிடம் தாங்க வேண்டிய அது ஏறக்குறைய 15 நிமிடத்தில் தோற்றது. சோதனைச் சீட்டு ஒன்று. சுவரில் மாட்டிய கதவு வேறொன்று!

நல்ல கதவும் திறந்து வெளியேற முடிந்தால்தான் கதவு. 2004 ஜூலை 16 இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் ஓலைக்கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். கோலாலம்பூர் 1884 இல் கற்ற பாடத்தை அப்பள்ளி 120 ஆண்டு கழித்தும் கற்கவில்லை. அக்கோலாலம்பூரிலேயே, 2017 செப்டம்பர் 14 இல் கம்போங் டத்தோ கிராமாட்டில் சமயப் பள்ளியொன்றில் 23 பேர் மாண்டனர். சுவர் கல்லே. ஆனால் சன்னல்களில் இரும்புக் கம்பி. மறு படிக்கட்டுக்குச் செல்லும் வழியிலோ தடுப்புச்சுவர். தீயைத் தடுக்க வேண்டிய சுவர் பிள்ளைகளைத் தடுத்தது.

இத்தகைய சாவுகளை விதி என்று கூறி அழுது அடங்குவது நம்மவர் வழக்கம். நாமும் விதி என்றே கூறுகிறோம். ஆனால் தலையில் எழுதிய விதியை அன்று, சட்டத்தில் எழுதிய விதியை! அது கடைப்பிடிக்கப்பட்டதா எனக் கேட்பதே அறிவுடைமை. இன்றே உம் பிள்ளை பயிலும் பள்ளிக்குச் சென்று பாருங்கள். தீக்கதவின் முன்னே மூட்டை கிடக்கிறதா? கட்டை செருகி அதைத் திறந்தே வைத்திருக்கிறார்களா? வெளியேறும் வழியில் பூட்டுத் தொங்குகிறதா? கண்டால் வாளாவிராது கேளுங்கள். செங்கல்லும் சிமெண்டும் கண்ணாடியிழையும் காக்கத் தவறிய உயிரை, உரிய காலத்தில் கேட்கும் ஒரு கேள்வி காத்தல் கூடும்.