குகையே இல்லாத ஊரிலிருந்து குகை தேடிப் போன கதை

இந்த எபிசோட் கொஞ்சம் இருட்டான விஷயம். பயப்படாதீங்க, குகைகளைப் பத்திப் பேசப்போறோம், அவ்வளவுதான்.

நான் இன்ஜினியரிங் படிச்சது சிதம்பரத்துல. மாணவர்களே நடத்துன ஒரு சின்ன குழு இருந்துச்சு. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கு ஒரு டார்ச், ரெண்டு பாட்டில் தண்ணி, ஒரு பொட்டலம் புளிசாதம். குகை பார்க்கப் போறதுதான் வேலை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள்ல கேவிங் கிளப்னு சொல்வாங்களே, கயிறு கட்டி இறங்குறது, ஹெல்மெட், மேப் போடுறது, அந்த மாதிரி கற்பனை பண்ணிக்காதீங்க. எங்ககிட்ட கயிறே கிடையாது. ஆனா ஒரு விதி இருந்துச்சு: எங்க போறோமோ அதைப் பத்தி ஒருத்தர் முன்கூட்டியே படிச்சிட்டு வந்து அங்கேயே நின்னு பேசணும். அந்த விதிதான் என்னை வரலாற்றுப் பக்கம் இழுத்துவிட்டது. இன்னைக்கு இந்த பாட்காஸ்ட் நடக்குறதுக்கும் அதுதான் காரணம்.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. சிதம்பரத்துல ஏன் குகை இல்ல?

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவுல இருக்கிற வண்டல் பூமி அது. எவ்வளவு தோண்டினாலும் மண்ணும் மணலும்தான். நடராஜர் கோயில்ல நீங்க பார்க்குற ஒவ்வொரு கல்லும் வேற எங்கேயோ இருந்து வந்ததுதான். சிதம்பரத்துல குகை தேடுறது பிச்சாவரத்துல மலை தேடுற மாதிரி.

உலகத்துல பெரிய குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுல உருவாகுது. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கிட்டு லேசான அமிலமா மாறும். அது விரிசல் வழியா இறங்கி, லட்சக்கணக்கான வருஷத்துல கல்லைக் கரைச்சு வழி பண்ணும். இந்தியாவுல இதுக்குப் பேர்போன இடம் மேகாலயா. அங்க கிரெம் லியாட் பிரா என்ற குகை 30 கிலோமீட்டருக்கு மேல நீளம். காசி மொழியில 'கிரெம்'னாலே குகைதான். மணற்கல்லுலகூட 24 கிலோமீட்டருக்கு மேல ஓடுற கிரெம் புரி என்ற குகையை 2018-ல அளந்து முடிச்சாங்க.

நம்ம பக்கம் கதை வேற. விழுப்புரம், செஞ்சி, திருக்கோவிலூர் பக்கம் இருக்கிறதெல்லாம் கிரானைட் வகைக் கடினப் பாறை. தண்ணிக்கு அது சுலபமா கரையாது. பெரிய பாறைகள் ஒண்ணுமேல ஒண்ணு சாய்ஞ்சு நிக்கிறப்போ அடியில ஒரு நிழல் கிடைக்கும், ஒரு பத்துப் பேர் படுக்கலாம். இயற்கை நமக்குக் கொடுத்தது அவ்வளவுதான். மீதியை மனுஷன்தான் உளி பிடிச்சு வெட்டியிருக்கான். அதனால நம்ம ஊர்ல குகைக்குள்ள போறதுன்னா வரலாற்றுக்குள்ள போறதுதான்.

இன்னொரு விஷயம். 1993 வரைக்கும் கடலூரும் விழுப்புரமும் தனித்தனி மாவட்டம் கிடையாது. எல்லாம் ஒரே தென்னாற்காடு மாவட்டம், தலைநகரம் கடலூர். சிதம்பரத்துல ரயில் ஏறினா கடலூர் துறைமுகம், திருப்பாதிரிப்புலியூர், பண்ருட்டி, அப்புறம் விழுப்புரம். நாங்க போன பாதை இதுதான். இந்த ஸ்டேஷன் பேர்களை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இந்தப் பகுதியோட பழைய குகை சாட்சி திருக்கோவிலூர் பக்கத்துல இருக்கிற ஜம்பை. அங்க ஒரு பாறைக் குகையில இருந்த தமிழி எழுத்துக் கல்வெட்டை 1981-ல கண்டுபிடிச்சாங்க. சதியபுதோ என்ற பட்டத்தோட அதியமான் நெடுமான் அஞ்சி இந்தப் பாளியைக் கொடுத்தான் என்பது அதோட சாரம். பாளின்னா துறவிகள் தங்குற இடம். அசோகர் கல்வெட்டுகள்ல சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட சேர்ந்து வர்ற 'சதியபுத்திரர்' யாருன்னு அறிஞர்கள் ரொம்ப காலமா முட்டி மோதிக்கிட்டிருந்தாங்க. அதுக்குப் பதில் ஒரு சின்னப் பாறை நிழல்ல கிடந்திருக்கு. சங்கப் பாட்டுல ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் பரம்பரையும் அசோகர் சொன்ன சதியபுத்திரரும் ஒண்ணுதான்னு அந்த ஒரு வரி சேர்த்து வச்சிருச்சு.

அடுத்தது செஞ்சி பக்கத்துல திருநாதர்குன்று. பாறை முகத்துல 24 தீர்த்தங்கரர்களும் ரெண்டு வரிசையா செதுக்கப்பட்டிருக்காங்க. அங்க ரெண்டு கல்வெட்டு. ஒண்ணு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட இடம் இதுன்னு சொல்லுது. தமிழி எழுத்து வட்டெழுத்தா மாறுற காலகட்டத்து எழுத்து. இன்னொண்ணு காலத்தால பிந்தையது. இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து இறந்ததைச் சொல்லுது. இப்படி நோன்பிருந்து இறந்தவங்க நினைவிடத்துக்கு நிசீதிகைன்னு பேரு.

எங்க குழுவுல எப்பவும் கூச்சல்தான். அந்தப் பாறை முன்னாடி மட்டும் யாருமே பேசல. 57 நாள். ஒரு செமஸ்டர்ல பாதிக்கு மேல. ஒருத்தர் தானா முடிவெடுத்து, சாப்பாட்டை நிறுத்தி, இந்த வெயில் பாறையில படுத்திருந்திருக்கார். பக்கத்துல யாரோ நாளை எண்ணியிருக்காங்க. எண்ணினதாலதான் நமக்குத் தெரியுது.

சரி, இப்போ மண்டகப்பட்டு. விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற வழியில சின்ன ஊர். அங்க ஒரு பாறையைக் குடைஞ்சு செஞ்ச கோயில். முகப்புல ரெண்டு முழுத் தூண், ரெண்டு அரைத்தூண். தூணோட மேலயும் கீழயும் சதுரம், நடுவுல எட்டுப் பட்டை. ரெண்டு ஓரத்துலயும் பெரிய துவாரபாலகர்கள். உள்ள மூணு கருவறை, மூணும் இப்போ காலி. அலங்காரம்னு பெருசா ஒண்ணும் இல்ல. செஞ்சவர் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், காலம் ஏறக்குறைய 600-லிருந்து 630-க்குள்ள.

அங்க இருக்கிற சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்ற விஷயம் என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுக்கு உடனே பிடிச்சுப்போகும். செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுதை இல்லாம, பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்காக விசித்திரசித்தன் இந்தக் கோயிலை உண்டாக்கினான் என்பது அதோட பொருள். விசித்திரசித்தன் மகேந்திரவர்மனோட பட்டப்பேர்ல ஒண்ணு. ரிலீஸ் நோட்ல "இந்த நாலு டிபென்டென்சியையும் எடுத்தாச்சு"ன்னு பெருமையா எழுதுவோமே, அப்படி இருக்கு. எதைப் போட்டுக் கட்டினேன்னு எழுதல. எதெல்லாம் இல்லாம செஞ்சேன்னு எழுதியிருக்கான்.

ஏன் அப்படி எழுதணும்? அதுவரைக்கும் கோயில்கள் அந்தப் பொருள்களாலதான் கட்டப்பட்டன என்பது ஒரு பதில். ஆனா இந்தக் குடைவரைகளை முழுசா ஆராய்ஞ்ச கே. ஆர். சீனிவாசன் இன்னும் ஆழமா ஒண்ணு சொன்னார். தமிழ்நாட்டுல கல் என்பது நீண்ட காலமா சாவோட சேர்ந்த பொருள். பெருங்கற்காலக் கல்லறை, நடுகல், எல்லாம் கல். அதனால தெய்வத்துக்கு வீடு கட்டுறப்போ கல்லைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

இதைப் படிச்சதும் எனக்குத் திருநாதர்குன்று ஞாபகம் வந்துச்சு. செஞ்சிப் பக்கத்துப் பாறையில ஒரு துறவியோட சாவு. அங்கேயிருந்து அதிக தூரம் இல்லாத மண்டகப்பட்டுப் பாறையில மூணு தெய்வத்துக்கு வீடு. சீனிவாசன் சொன்னது சரின்னா மகேந்திரவர்மன் மாத்தினது பொருளை மட்டும் இல்ல, கல்லுக்கு இருந்த அர்த்தத்தையும்தான். அவன்தான் தமிழ்நாட்டுலயே முதல் ஆளான்னு கேட்டா, அதுல கருத்து வேறுபாடு உண்டு. பாண்டிய நாட்டுப் பிள்ளையார்பட்டிக் குடைவரை இதுக்கு முந்தையதுன்னு நினைக்கிற ஆய்வாளர்களும் இருக்காங்க. ஆனா அந்தப் பெருமிதத்தைக் கல்லுலயே எழுதி வச்சது விசித்திரசித்தன்.

வேலை எப்படி நடந்திருக்கும்? மாமல்லபுரத்துல பாதியில நின்னுபோன குடைவரைகளைப் பார்த்தா புரியும். பாறை முகத்தைச் சதுரம் சதுரமா பிரிச்சு, கட்டத்தைச் சுத்திப் பள்ளம் எடுத்து, நடுவுல புடைச்சு நிக்கிறதைத் தட்டி எடுத்திருக்காங்க. திரும்பத் திரும்ப அதே வேலை. ஒரு தூண்ல ஒரு அடி தப்பா விழுந்தா அதைத் திரும்ப ஒட்ட முடியாது. எங்க துறையில அண்டூ பட்டன் இருக்கு, அவங்களுக்கு இல்ல.

இப்போ அந்த ரயில் ஸ்டேஷன்களுக்கு வருவோம். திருப்பாதிரிப்புலியூர். அங்க பாடலிபுத்திரம்னு பேர்பெற்ற சமண மடம் இருந்தது. லோகவிபாகம் என்ற சமண நூலை சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகாவுல எழுதினார்னு ஒரு குறிப்பு இருக்கு. காலம் சக ஆண்டு 380, அதாவது பொது ஆண்டு 458, காஞ்சி மன்னன் சிம்மவர்மனோட 22-ஆம் ஆட்சியாண்டு. அந்தப் பாடலிகாதான் இந்த ஊர்னு பொதுவா ஏத்துக்கிறாங்க. பல்லவர் காலக்கணக்கைப் போடுறதுக்கு வரலாற்றாசிரியர்களுக்கு இது ஒரு ஆணி மாதிரி.

பெரியபுராணத்துப்படி, பின்னாள்ல அப்பர்னு நாம கொண்டாடுற மருள்நீக்கியார் இந்தப் பாடலிபுத்திர மடத்துலதான் தருமசேனர் என்ற பேர்ல சமணராய் இருந்தார். சூலை நோய் வந்து, பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையில இருந்த அக்கா திலகவதியாரைத் தேடிப் போய், சைவத்துக்குத் திரும்பினார். அப்புறம் பல்லவ மன்னனும் மனசு மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடிச்சு, அந்தப் பொருளைக் கொண்டுவந்து திருவதிகையில குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான்னு சேக்கிழார் பாடுறார். குணபரன் என்பதும் மகேந்திரவர்மனோட பட்டப்பேர்தான்.

இந்தக் கதையை அப்படியே வரலாறா எடுத்துக்கலாமா? சேக்கிழார் எழுதினது 12-ஆம் நூற்றாண்டு. நடந்ததா சொல்றது 7-ஆம் நூற்றாண்டு. நடுவுல 500 வருஷம். திருச்சி மலைக்கோட்டைக் குடைவரையில குணபரன் பேர்ல இருக்கிற கல்வெட்டை மதம் மாறினதுக்குச் சாட்சின்னு சிலர் படிக்கிறாங்க, அது வெறும் சிலேடைன்னு சிலர் மறுக்கிறாங்க. நான் எந்தப் பக்கமும் சத்தியம் பண்ணமாட்டேன்.

ஆனா ஒண்ணு கவனிங்க. இடிச்சு, எடுத்துட்டுப் போய், வேற இடத்துல கட்டணும்னா அது செங்கலும் மரமுமாத்தான் இருக்கணும். மண்டகப்பட்டுல வேண்டாம்னு சொன்ன அதே பொருள். அப்பரைப் படிக்க வச்ச அந்தப் பெரிய மடம் இன்னைக்கு நூல்கள்ல ஒரு பேரா மிஞ்சியிருக்கு. ஆனா தனியா ஒரு குன்றுல படுத்து உயிர்விட்ட சந்திரநந்தியோட 57 நாள், எண்ணிக்கை மாறாம அப்படியே இருக்கு. இதுக்கு யார் ஜெயிச்சா, யார் தோத்தாங்கறது மட்டும் காரணம் இல்ல. எதுமேல எழுதினாங்கறதும் காரணம்.

அதனாலதான் எங்க குழுவுல ரெண்டாவதா ஒரு விதி வந்துச்சு. கல்வெட்டு மேல சாக்பீஸ் தடவக்கூடாது, விரலால தேய்க்கக்கூடாது. எழுத்து தெரியலைன்னா டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சாப் போதும், நிழல்ல எழுத்து எழும்பி நிக்கும். நிறைய சமணப் படுக்கைகள்ல காதலர் பேர், வருஷம், அம்புக்குறி போட்ட இதயம்லாம் செதுக்கியிருக்காங்க. இன்னொரு பக்கம் ஜல்லிக்காகப் பாறைகளையே உடைக்கிறோம். கல் நிரந்தரம்னு பல்லவன் நம்பினான். வெடி மருந்து வரும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த தடவை விழுப்புரம் பக்கம் போனீங்கன்னா ஒரு அரை நாள் ஒதுக்குங்க. மண்டகப்பட்டையும் பக்கத்துல இருக்கிற தளவானூர்க் குடைவரையையும் சேர்த்துப் பார்த்துடலாம். காலையில சீக்கிரம் போங்க, பாறை சூடாகிறதுக்குள்ள. தண்ணி கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. திருநாதர்குன்றுக்குப் போனா அந்த ரெண்டு கல்வெட்டையும் தேடிப் பாருங்க, தீர்த்தங்கரர்களை மட்டும் போட்டோ எடுத்துட்டு இறங்கிடாதீங்க.

அடுத்த எபிசோட்ல ஜம்பைக் கல்வெட்டைத் தனியா எடுத்துப் பேசலாம்.