ஊசிக்கு வெளியே நின்றவர்கள்

கதை எழுதுகிறவனுக்கு வைத்திய சாஸ்திரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வாஸ்தவமான கேள்விதான். ஆனால் ஒரு தடுப்பு ஊசியின் சரித்திரத்தைப் படித்தபோது, நான் கதையில் எழுதியிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது.

'ஹெபடைடிஸ் பி' என்ற ஈரல் நோய், ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவுவது. பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் வரும். சிலரிடம் வருஷக்கணக்கில் ஓசையின்றித் தங்கி, ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். 1965-ல் ப்ளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டதாக வெளியிட்டார். அது இந்த நோய்க் கிருமியின் மேலுறை என்று பிற்பாடு தெரிந்தது. கிருமியைச் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்தே அந்த உறையைப் பிரித்து, சுத்தம் செய்து, ஹில்லெமன் என்பவர் தடுப்பு மருந்து தயாரித்தார்.

சோதிக்க மனிதர்கள் வேண்டுமே! 1978-ல் நியூயார்க்கில் டாக்டர் ஷ்முனெஸ் அழைத்தபோது, ஆண்களையே நேசிக்கும் ஆண்கள் 1,083 பேர் கை நீட்டினார்கள். ஊரார் ஏளனம் செய்த கூட்டம் அது. நோயும் அவர்களிடையே மிகுதி. பாதிப் பேருக்கு மருந்து. மறுபாதிக்குப் போலி ஊசி. மருந்து அபாரமாக வேலை செய்தது. 1981-ல் அரசாங்க அனுமதியும் கிடைத்தது.

மறு வருஷம், ஆபத்து மிகுந்தவர்களுக்கு மட்டும் ஊசி என்று தீர்மானித்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு வேலை செய்யும் இடத்திலேயே கிடைத்தது. மற்றவர்களோ? குடும்ப டாக்டரிடம், "நான் இன்னான், போதை ஊசி போடுகிறவன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜலதோஷத்துக்கு மருந்து வாங்க வந்தவன் அதைச் சொல்வானா? டாக்டர்தான் கேட்பாரா? மூன்று தவணைக்கும் சுமார் 100 டாலர் செலவு வேறு. மனித ரத்தத்தில் செய்ததாயிற்றே, எய்ட்ஸ் வருமோ என்ற வீண் பயமும் சேர்ந்துகொண்டது. 1986-ல் ஈஸ்டைக் கொண்டு தயாரித்த மருந்து வந்து அந்தப் பயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வாயைத் திறக்கும் வெட்கம் மட்டும் போகவில்லை. மருந்து பிறப்பதற்கு உடலைக் கொடுத்த கூட்டத்தாரே பெரும்பாலும் மருந்துக்கு வெளியே நின்றார்கள்!

1991-ல் அமெரிக்கா பாதை மாற்றி, எல்லாச் சிசுக்களுக்கும் ஊசி என்றது. தைவான் 1984-லேயே சிசுக்களுக்குப் போட ஆரம்பித்திருந்தது. அங்கே குழந்தைகளின் ஈரல் புற்றுநோய் கண்கூடாகக் குறைந்தது. வளர்ந்தவர்கள் விஷயத்தில் அமெரிக்காவுக்கு 2022-ல்தான் மனம் வந்தது: 19 முதல் 59 வயது வரை யாவருக்கும் ஊசி.

கிருமியின் சுவட்டைக் கண்டதிலிருந்து மருந்து வரப் பதினாறு ஆண்டுகள். 'நீ யார்?' என்று கேளாமல், 'கையை நீட்டப்பா' என்று சொல்வதற்கோ இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.