புகைக்குழாய்க்குள் பிளாட்டினம்

1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. பட்டியலில் கோவை இல்லை! அதற்குள் இருக்கும் பிளாட்டினத்தைக் கெடுக்கும் ஈயம், நாடு முழுக்க பெட்ரோலிலிருந்து நீங்கியது 2000 பிப்ரவரியில்தான்.

ஈயம் போனாலும் சூடு இருக்கிறதே... மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும் காரின் புகை பல நூறு டிகிரி. அந்தச் சூட்டில் நானோமீட்டர் அளவுத் துகள்கள், ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் போல ஒன்றுசேர்ந்து பெருத்துவிடும். மேற்பரப்பு குறையும், புகை சுத்தமாகாது. துகள்களைப் பிரித்து வைப்பது அலுமினியம் ஆக்சைடின் நுண்துளைப் பரப்பு. சீரியம் ஆக்சைடோ தன் ஆக்சிஜனால் பிளாட்டினத்தை இறுக்கிப் பிடிக்கும். விலை உயர்ந்த உலோகத்துக்கு மலிவான காவல், நல்ல கணக்குதான்!

பிடி அளவு மீறினால்? 1978-ல் அமெரிக்காவின் எக்ஸான் ஆய்வகத்தில் டாஸ்டர் குழுவினர், டைட்டானியம் ஆக்சைடு மேல் பிளாட்டினத்தை வைத்து ஹைட்ரஜனில் 500 டிகிரிக்குச் சூடேற்றினர். உலோகம் ஹைட்ரஜனை ஏற்கவே மறுத்தது. ஆக்சைடே மேலே படர்ந்து அதை மூடிவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.